ஹோம் தியேட்டர் பெட்டி கோளாறு தருகிறதா? அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

இணுவிலில் எங்கள் வீட்டு ஹோலில் இப்போது நிற்பது நான் செய்த மூன்றாவது ரீவிப் பெட்டி, அதாவது ரீவியும் அதன் கருவிகளும் வைக்கும் மரப்பெட்டி. முதலாவதைக் கழற்றிப் பலகையாக்கினேன். இரண்டாவதைத் திருத்தித் திருத்தியே கற்றுக்கொண்டேன். அதன் பிறகு அயலில் நாலைந்து வீடுகளுக்கும் போய்ப் பார்த்தாயிற்று. எங்கு போனாலும் வேர் ஒன்றுதான்: அலுமாரி செய்யும் முறையிலேயே இதையும் செய்துவிடுகிறோம். அலுமாரியை எவ்வளவு இறுக்கமாக மூடுகிறோமோ அவ்வளவு நல்லது. இந்தப் பெட்டிக்கு அது சரிவராது. இதற்குள் சூடாகும் கருவியும் அதிரும் ஸ்பீக்கரும் இருக்கின்றன. மரமும் மாரிக்கு ஊதி, கோடைக்குச் சுருங்கும். ஆகவே காற்று போய்வர இடம் விட்டுத்தான் செய்யவேண்டும்.

உங்கள் பெட்டியில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒரு ரோர்ச், ஒரு நூல்கட்டை, ஒரு ஊதுபத்தி, இந்த மூன்றும் கையில் இருந்தால் போதும். காரணம் தெரியும் வரை புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.

அம்பிளிபயர் தானாக நின்றுவிடுகிறது

முதலில் எப்போது நிற்கிறது என்று கவனியுங்கள். போட்ட உடனேயோ சத்தத்தைக் கூட்டிய நொடியிலேயோ நின்றால் அது வெப்பம் இல்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் ரோர்ச் அடித்து, ஸ்பீக்கர் வயர் மாட்டும் இடத்தைப் பாருங்கள். தலைமயிர் போல ஒரு செப்பு நார் பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும். வயர் முனையை இறுக்கமாக முறுக்கித் திரும்ப மாட்டினால் சரி.

படம் பாதி ஓடி, அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ கழித்து நின்று, கொஞ்சநேரம் ஆறவிட்டால் திரும்பவும் வேலை செய்கிறதா? அது வெப்பம்தான். கோண்டாவிலில் தெரிந்த ஒருவர் தன்னுடைய ரிசீவரை, அதாவது அம்பிளிபயர் உள்ளடங்கிய கருவியை, இரண்டு தடவை திருத்துமிடத்துக்குக் கொண்டுபோனார். இரண்டு தடவையும் "ஒரு பிழையும் இல்லை அண்ணை" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான். அவர்கள் பார்த்தது வெளி மேசையில் வைத்து. பிழை பெட்டியில் இருந்தது.

அம்பிளிபயர் எடுக்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு வெப்பமாகவே போகிறது. சித்திரை, வைகாசியில் எங்கள் ஹோலே 33, 34 பாகையில் நிற்கும். சுற்றியுள்ள காற்று 35 பாகைக்கு மேல் போகக்கூடாது என்று பல கருவிகளின் கைநூலிலேயே போட்டிருக்கும். நான்கு பக்கமும் அடைத்த தட்டுக்குள் அந்த எல்லையைத் தாண்டப் பத்து நிமிடம் போதும்.

இப்போது ஊதுபத்தியை எடுங்கள். கருவியை அரை மணித்தியாலம் ஓடவிட்டு, பெட்டியின் கீழ் ஓட்டைக்கு அருகே பத்தியைப் பிடியுங்கள். வயரிலும் துணியிலும் நெருப்புப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். பிறகு மேல் ஓட்டைக்கு அருகே பிடித்தால் புகை வெளியே தள்ளுபட வேண்டும். புகை நூல் போல நேரே எழுந்தால் அங்கே காற்று அசையவில்லை என்று அர்த்தம். என் முதல் பெட்டியில் அப்படித்தான் எழுந்தது. பின்பலகை முழுவதையும் நாலு மில்லிமீற்றர் பிளைவுட்டால் அடைத்து, கேபிள் போக ஒரு இஞ்சி அளவில் இரண்டு துளை மட்டும் விட்டிருந்தேன்.

திருத்துவது இப்படி. ரிசீவருக்கு மேலே குறைந்தது நாலு இஞ்சி வெறுமையாக இருக்கட்டும். அதற்கு மேல் டிஷ் பெட்டியையோ டிவிடியையோ அடுக்க வேண்டாம். பின்பலகையில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக, தட்டின் அகலத்துக்கு இரண்டு இஞ்சி உயர வெட்டு வெட்டுங்கள். சூடான காற்று தானாக மேலே ஏறும், கீழ் வெட்டால் குளிர்ந்த காற்று வரும். மேலே மட்டும் வெட்டிவிட்டுக் கீழே விடாமல் இருப்பதுதான் பலர் செய்யும் பிழை. காற்று உள்ளே வராமல் எப்படி வெளியே போகும்? பெட்டியைச் சுவரோடு ஒட்டவும் வேண்டாம். இரண்டு இஞ்சியாவது இடைவெளி வேண்டும்.

அதுவும் போதாவிட்டால் கணினிக்குப் போடும் 120 மில்லிமீற்றர் மின்விசிறி ஒன்று வாங்குங்கள். அதன் திருகாணித் துளைகள் மையத்துக்கு மையம் 105 மில்லிமீற்றர் இருக்கும், அந்தக் கணக்கில் பலகையில் குறித்துக்கொள்ளலாம். அது 12 வோல்ட்டில் ஓடுவது. பழைய ரவுட்டரின் 9 வோல்ட் அடப்டர் ஒன்று வீட்டில் கிடந்தால் அதில் கொடுங்கள். மெதுவாகச் சுற்றும், படத்தில் யாரும் பேசாத இடத்திலும் அதன் சத்தம் கேட்காது. மேல் வெட்டில், காற்றை வெளியே தள்ளும் பக்கமாகப் பூட்டுங்கள்.

இன்னொன்று, வெட்டை வெட்டிவிட்டுச் சும்மா விட்டால் பல்லியும் எலியும் உள்ளே போகும். எங்கள் ஊரில் பல்லி புகுந்து சேர்க்கிட் எரிந்த கருவிகள் எத்தனையோ. நுளம்பு வலையைப் பின்பக்கமாக அடியுங்கள். வலை காற்றைக் கொஞ்சம் தடுக்கும், அதனால்தான் இரண்டு இஞ்சி உயரம் என்றேன். மாதம் ஒருமுறை தூசு தட்டாவிட்டால் திரும்பவும் அடைத்த பெட்டிதான்.

பேச்சு குடத்துக்குள் இருந்து வருவது போல இருக்கிறது

செய்தி வாசிக்கும் ஒரு ஆண்குரலைப் போட்டுக் கேளுங்கள். பாட்டில் இந்தக் குறை மறைந்துவிடும், பேச்சில் மறையாது. குரல் "ஓ, ஓ" என்று கனத்து, மூக்கடைத்தது போலக் கேட்டால், பேச்சு வரும் நடு ஸ்பீக்கரை வெளியே எடுத்து, பெட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் வைத்துக் கேளுங்கள். குரல் தெளிந்தால் குற்றம் தட்டில். தெளியாவிட்டால் குற்றம் ஹோலில். ஹோல் என்றால் கையைத் தட்டிப் பாருங்கள். எங்கள் வீடுகளில் தரை மார்பிள், சுவர் வெறுமை, கூரை உயரம். கைதட்டல் "சிர்" என்று இழுபட்டால் தடித்த திரைச்சேலை போட்டு, தரையில் ஒரு பாயையோ காப்பெற்றையோ விரியுங்கள். அதைப் பலகை வேலையால் திருத்த முடியாது.

தட்டுத்தான் காரணம் என்றால் மூன்று வேலை இருக்கிறது. ஸ்பீக்கர் தட்டின் உள்ளே ஒதுங்கி இருந்தால் அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஒலி பட்டுத் தெறித்து, நேரே வரும் ஒலியோடு கலங்கும். முன்முகம் தட்டின் விளிம்போடு சரியாக, முடிந்தால் ஒரு விரற்கடை வெளியே வரும்படி இழுத்து வையுங்கள். இந்த ஒரு வேலையிலேயே பாதி சரியாகிவிடும். அடுத்தது சுற்றியுள்ள வெறும் இடம். வெறும் போத்தலின் வாயில் ஊதினால் சத்தம் வருமே, அந்தக் கதைதான். பக்கத்திலும் பின்னாலும் இருக்கும் இடைவெளியில் பஞ்சு அடைத்தால் அந்த ஒலி செத்துவிடும். பழைய தலையணை இலவம்பஞ்சை மெல்லிய துணிப்பையில் இட்டு நான் வைத்தேன், நன்றாகவே வேலை செய்தது. ரிசீவர் இருக்கும் தட்டில் மட்டும் பஞ்சு கூடாது, சூட்டில் தீப்பிடிக்கும். மூன்றாவது, ஸ்பீக்கரின் பின்னால் வட்டத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்குப் பின்னால் நாலு இஞ்சியாவது வெளி வேண்டும், பஞ்சையும் அதில் முட்ட வைக்க வேண்டாம். வெளி விட வழியில்லாவிட்டால் ஒரு ஸ்பொஞ்சைச் சுருட்டித் துளையை அடையுங்கள். பேஸ் என்கிற கனத்த ஒலி கொஞ்சம் குறையும், குரல் சுத்தமாகும். எனக்கு அது இலாபமான வியாபாரம்.

பெட்டி தாழ்வாக இருந்தால் ஸ்பீக்கரின் முன்பக்க அடியில் இரண்டு ரப்பர் துண்டு வைத்து, முகம் உங்கள் காதைப் பார்க்கும்படி சாய்த்துவிடுங்கள்.

முன்னால் துணிக் கதவு போட விரும்புபவர்களுக்கு ஒரு சோதனை. துணியை வாயோடு ஒட்டிப் பிடித்து ஊதுங்கள். மூச்சுத் தடையில்லாமல் மறுபக்கம் கையில் பட்டால் ஒலியும் போகும். மெல்லிய வொயில் துணி தேறிவிடும், கதிரைக்கு அடிக்கும் தடித்த துணி தேறாது.

பேஸ் வரும்போது எங்கேயோ கிறுகிறுக்கிறது

சப்வூபரை, அதாவது பேஸுக்கென்று இருக்கும் தனி ஸ்பீக்கரை, பெட்டிக்குள் வைத்திருந்தால் இன்றைக்கே வெளியே எடுத்துத் தரையில் வையுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அதன் வேலையே அதிர்வது, அதைக் கொண்டுபோய்ப் பலகையோடு சேர்த்து வைத்தால் பலகையும் சேர்ந்துதான் பாடும்.

எடுத்த பிறகும் கிறுகிறுப்பு இருந்தால், 20 ஹேர்ட்ஸில் தொடங்கி 100 வரை மெதுவாக ஏறும் ஒலியைப் போனில் தேடி, இந்த ஸ்பீக்கர்களில் போடுங்கள். கிடைக்காவிட்டால் தவில் கச்சேரி ஒன்று போடுங்கள். தொப்பிப் பக்கத்து அடிக்குத் தளர்ந்த பலகை உடனே பதில் சொல்லும். எங்கள் இணுவிலில் தவில் கேட்டு வளர்ந்த காதுகளுக்கு எது தோல் அதிர்வு, எது பலகை அதிர்வு என்று சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஒலி ஓடும்போது ஒருவர் கையால் ஒவ்வொரு பலகையாக அழுத்திக்கொண்டு வரட்டும். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள்.

அனேகமாக அது பின்பலகையாக இருக்கும். ஆணியைக் கழற்றிவிட்டு, விளிம்பு முழுக்க மரக் கம் பூசி, அரை அடிக்கு ஒரு திருகாணி வீதம் இறுக்குங்கள். நடுவில் குறுக்காக ஒரு சட்டம் ஒட்டினால் இன்னும் நல்லது. கண்ணாடிக் கதவு என்றால் தவாளிப்பில் அங்கங்கே ஒரு பொட்டு சிலிக்கோன் போதும். இவ்வளவும் செய்வதற்கு முன் மேலே அடுக்கியிருக்கும் வெற்றிக் கிண்ணங்களையும் கல்யாணப் படச் சட்டங்களையும் ஒருமுறை இறக்கிவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

மேல்பலகை நடுவில் தொய்கிறது

இரண்டு முனையிலும் நூலை இழுத்துப் பிடித்தால் நடுவில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். 55 இஞ்சி ரீவி நாலடி அகலம். அதற்கு ஐந்தடிப் பெட்டி செய்து, மரநாரை அழுத்திச் செய்த 18 மில்லிமீற்றர் எம்.டி.எஃப் பலகையை நடுவில் தாங்கல் இல்லாமல் போட்டால் அது தொய்யத்தான் செய்யும். தாங்கலுக்குத் தாங்கல் தூரம் இரண்டு மடங்கானால், அதே பாரத்துக்குத் தொய்வு எட்டு மடங்காகும். மறுபக்கமாகச் சொன்னால், நடுவில் ஒரே ஒரு நிறுத்துப் பலகை வைத்தால் தொய்வு எட்டில் ஒன்றாகிவிடும். எம்.டி.எஃப் பலகைக்கு இரண்டடிக்கு ஒரு தாங்கல் என்பது என் கணக்கு. நல்ல பிளைவுட் என்றால் இரண்டரை அடி வரை விடலாம்.

நடுப்பலகை வைக்க இடமில்லையா? முன்விளிம்பின் அடியில், நிறுத்தின வாக்கில் இரண்டு இஞ்சிச் சட்டம் ஒன்றை ஒட்டித் திருகுங்கள். இங்கேதான் எங்கள் பனை கைகொடுக்கிறது. பழைய வீட்டுக் கூரை பிரித்த இடத்தில் கிடக்கும் பனஞ்சிலாகையில் கறுத்து வைரம் பாய்ந்த துண்டாகப் பார்த்து எடுங்கள். அந்த இறுக்கம் கடையில் வாங்கும் சட்டத்துக்கு வராது. ஆனால் துளை போடாமல் திருகாணி ஏற்றினால் ஒன்றில் ஆணி முறியும், இல்லாவிட்டால் சிலாகை பிளக்கும். நாலு மில்லிமீற்றர் திருகாணிக்கு மூன்று மில்லிமீற்றர் துளை போடுங்கள். வெட்டும்போது கையுறை அவசியம். பனை நார் ஊசி போல உள்ளங்கையில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

ஏற்கெனவே தொய்ந்த பலகையைக் கவிழ்த்துப் பூட்டி, பிறகு சட்டம் அடியுங்கள். நிமிர்ந்துவிடும்.

மாரியில் கதவு இறுகுகிறது, அடிப்பலகை ஊதுகிறது

இரண்டும் ஒன்று போலத் தெரிந்தாலும் வேறு வேறு நோய்.

ஐப்பசியில் மழை தொடங்கியதும் கதவும் லாச்சியும் இறுகி, பங்குனியில் தானாகச் சரியானால் அது மரத்தின் மூச்சு. ஓரடி அகல மரப்பலகை ஈரத்துக்கு ஒன்று, இரண்டு மில்லிமீற்றர் விரியும். அகலவாக்கில்தான் விரியும், நீளவாக்கில் அசையாது. மார்கழியில் இறுகுகிறதென்று சீவுளி போட்டுச் சீவ வேண்டாம். சித்திரையில் விரல் போகும் இடைவெளி தெரியும். பங்குனி வரை பொறுத்து, கதவைக் கழற்றி ஆறு பக்கமும் வார்னிஷ் அடியுங்கள். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், ஈரம் அதற்குள்ளால்தான் ஏறும். புதிதாகச் செய்வதென்றால் சுற்றி மூன்று மில்லிமீற்றர் விடுங்கள். சட்டத்துக்குள் பலகை போடும்போது தவாளிப்பில் கம் பூசாதீர்கள். பலகை அதற்குள் அசைய வேண்டும்.

அடிப்பலகை ஊதி, போமிக்கா விளிம்பு உதடு போலப் பிரிந்திருந்தால் அதற்கு மழை காரணமில்லை, நாங்கள்தான் காரணம். தரை துடைக்கும் தண்ணீர், பொங்கலுக்கும் நல்லூர்க் கொடியேற்றத்துக்கும் வீடு கழுவும் தண்ணீர். ஊதிய எம்.டி.எஃப் காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. ஊதிய அளவுக்கு மேலே கோடு கீறி அடியை வெட்டி எறிந்துவிட்டு, நாலு இஞ்சி உயரக் கால் பூட்டுங்கள். வெட்டிய விளிம்பு தண்ணீருக்கு வாய் திறந்தபடி இருக்கும். மரக் கம்மைப் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டுக் கரைத்து விளிம்பில் பூசி, காய்ந்ததும் சாண்ட் பேப்பர் போட்டு, மேலே இரண்டு கை பெயின்ற் அடியுங்கள். கால் உயர்ந்தால் துடைப்பமும் உள்ளே போகும், அடுத்த தொல்லையும் கண்ணுக்குத் தெரியும்.

கீழே மாவு கொட்டுகிறது, அல்லது மண் கோடு ஏறுகிறது

மண் கோடு என்றால் கறையான். சுவரிலோ காலிலோ பென்சில் தடிப்பில் ஏறியிருக்கும். கோட்டை உடைத்துப் பார்த்து, வெள்ளைப் பூச்சி ஓடினால் பெட்டியை மட்டும் பார்த்துப் பயனில்லை. அது தரை வெடிப்பாலோ சுவர் மூலையாலோ வருகிறது, அந்த வழிக்கு மருந்து அடித்து அடைக்க வேண்டும். நாலு இஞ்சிக் காலும் சுவரில் இருந்து இரண்டு இஞ்சி இடைவெளியும் இருந்தால் கோடு ஏறும்போதே தெரியும். சுவரோடு ஒட்டி, தரையோடு பதித்த பெட்டியில் பலகை பொள்ளலாகித் தட்டும்போதுதான் தெரியும். பழைய ஆட்கள் போல அடியில் கழிவு ஒயில் பூசலாம் என்று சொல்வார்கள். ஹோலுக்குள் அந்த மணத்தோடு இருக்க முடியாது.

குண்டூசித் துளையும் அதன் கீழே மெல்லிய மாவும் என்றால் அது உளு, மரத்தைத் துளைக்கும் பூச்சி. மாமரப் பலகையில் நிச்சயம் எதிர்பார்க்கலாம். மண்ணெண்ணெய் தடவுவது மேல்தோலோடு நின்றுவிடும். வார்னிஷ் இல்லாத வெறும் பலகை என்றால் வெந்நீரில் கரைத்த போராக்ஸை (வெங்காரத்தை) இரண்டு மூன்று முறை ஊறப் பூசி, நன்றாகக் காயவிட்டு வார்னிஷ் அடியுங்கள். வேப்பம் பலகையில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் நன்றாக உலராத வேம்பு முறுகும். பழைய வீட்டு முதிரைக் கதவு கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

பிணைச்சல் கறள், கதவு சாய்வு

பருத்தித்துறை, குருநகர், காரைநகர் என்று கடற்கரை ஓரமாக இருப்பவர்களுக்கு முலாம் பூசிய இரும்புப் பிணைச்சல் ஒரு வருடமே தாக்குப்பிடிக்கும். எவர்சில்வர் பிணைச்சலும் எவர்சில்வர் திருகாணியும் வாங்குங்கள், விலை கூடத்தான். சாய்வு மட்டும் என்றால் கழற்றவே தேவையில்லை. கதவுக்குள் வட்டமாகப் பதியும் கப் பிணைச்சலில் இருக்கும் திருகாணிகளில் ஒன்று கதவை இடம் வலமாகவும், ஒன்று உள்ளே வெளியேயும், ஒன்று மேலே கீழேயும் நகர்த்தும். கால் சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டே திருத்தலாம். அதற்கு முன் பெட்டி மட்டமாக நிற்கிறதா என்று பாருங்கள். கழுவும் தண்ணீர் வாசலுக்கு ஓடவென்று எங்கள் தரைகள் சரிவாகத்தான் போட்டிருக்கும்.

ரிமோட் வேலை செய்யவில்லை

ரிமோட் அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத ஒளி. மரம் அதை விடாது. கண்ணாடியும் மெல்லிய துணியும் விடும். மரக்கதவுதான் வேண்டும் என்றால், கண் போன்ற ஒரு முனையை வெளியே ஒட்டி வயரை உள்ளே கொண்டுபோகும் சிறு கருவி விற்கிறார்கள், அதை வாங்குங்கள்.

"ம்ம்ம்" என்று ஓயாமல் இரைகிறது

கேபிள் ரீவி வயரையோ டிஷ் வயரையோ பின்னால் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் அந்த வயரின் ஏர்த்தும் வீட்டு ஏர்த்தும் இரண்டு வழியாகச் சேர்ந்து சுற்றுகின்றன. அந்த வயருக்குப் போடும் தனிமைப்படுத்தி (ஐசொலேற்றர்) ஒன்று நடுவில் மாட்டினால் போதும். நிற்காவிட்டால் ரீவி, ரிசீவர், சப்வூபர் மூன்றையும் ஒரே பல முனைச் சொக்கற்றில் கொடுத்துப் பாருங்கள். பெட்டிக்குப் பின்னால் மின்சார வயரையும் சிக்னல் வயரையும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தால் பிரித்து, அரை அடி தள்ளி விடுங்கள். குறுக்கிட்டே ஆகவேண்டிய இடத்தில் சிலுவை போலக் குறுக்கிடட்டும். பிளக்கின் ஏர்த் காலை வெட்டினால் இரைச்சல் நிற்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரைச்சல் நிற்கும், ஆனால் பிறகு கருவியின் தகட்டில் கரண்ட் ஏறினால் போக வழி பிள்ளையின் கைதான்.

பார்த்தால் கழுத்து நோகிறது

பெட்டி உயரம். சோபாவில் இருப்பவரின் கண் தரையில் இருந்து ஏறக்குறைய 40 இஞ்சியில் இருக்கும். 55 இஞ்சி ரீவியின் உயரம் 27 இஞ்சி. இரண்டடிப் பெட்டியில் வைத்தால் அதன் நடு, கண்ணுக்கு நேரே வரும். எங்கள் வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் பாயில் இருந்துதான் பார்ப்பார்கள், அதனால் மூன்றாவது பெட்டியை 18 இஞ்சிக்கு இறக்கினேன். இறக்கினால் சின்னவர்களின் கை எட்டும். ரீவியின் பின்னால் இருந்து சுவருக்கு ஒரு பட்டி இழுத்துத் திருகிவிட்டுத்தான் அதை ஹோலில் நிறுத்தினேன்.